வலையில் வந்தது புல்லா?

ஐயா, வணக்கம். தேவனாம்பட்டினம் கரையில் வலை உதறும்போது, கயிற்றில் விரல் நீளத்துக்குப் பழுப்பாகப் புல் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. மகள் அதைப் பிய்த்து நோட்டுக்குள் வைத்துக் காயவைத்தாள். விரலிடுக்கில் கொஞ்ச நேரம் அரித்ததாம். மணல்மேட்டில் படரும் ராவணன் மீசைப் புல்லும் இப்படித்தானே ஒரே தண்டிலிருந்து வரிசையாக முளைக்கிறது, இரண்டும் உறவா என்று கேட்கிறாள். படம் அனுப்பியிருக்கிறேன்.
வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காம்பின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் தெரிகின்றன. இது புல் இல்லை, பாசியும் இல்லை. ஹைட்ராய்டு என்கிற விலங்கு. கடலில் சொறி (ஜெல்லி மீன்) என்கிறோமே, அதற்குச் சொந்தம். கொட்டும் செல்கள் இதற்கும் உண்டு, அதனால்தான் அரித்தது.

உயிரோடிருந்தபோது ஒவ்வொரு கிண்ணத்திலும் பாலிப் என்கிற ஒரு குட்டி உடல் இருந்திருக்கும். நடுவில் வாய், சுற்றிலும் நூலிழை போன்ற கைகள். தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைக் கொட்டி மயக்கிப் பிடித்துத் தின்னும். எல்லா வயிறுகளும் காம்புக்குள் ஒரே குழாயாகச் சேர்ந்திருப்பதால், ஒரு பாலிப் தின்றது மற்றவற்றுக்கும் போய்ச் சேரும். காய்ந்த பிறகும் உருவம் கலையாமல் இருப்பதற்குக் காரணம், வெளியுறை கைட்டினால் ஆனது. இறால் ஓட்டில் இருப்பதும் அதுதான். வெளிநாடுகளில் இதன் ஓர் இனத்தைக் காயவைத்து, பச்சைச் சாயம் ஏற்றி, தண்ணீரே ஊற்ற வேண்டாத செடி என்று விற்றிருக்கிறார்கள்!

ஆக, உறவு இல்லை. ராவணன் மீசை வெயிலை வைத்துத் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் அசல் புல். ஆனால் உங்கள் மகள் கண்டது உண்மையான ஒற்றுமை. புல்லின் ஓடுதண்டு மணலில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விட்டு முளைக்கிறது. ஹைட்ராய்டும் கயிற்றின் மேல் வேர் போன்ற குழாயைப் படரவிட்டுத்தான் புதுக் காம்புகளை எழுப்புகிறது. இது விலங்குதான் என்று இயற்கை ஆய்வாளர் ஜான் எல்லிஸ் 1755-இல் படங்களோடு விளக்கிய பிறகும், உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ் 1758-இல் இவற்றை 'விலங்குத் தாவரங்கள்' என்றுதான் வகைப்படுத்தினார். அவ்வளவு பெரியவர்களே தடுமாறிய இடம் இது.

எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இன்னொன்று. இரண்டுமே இடம் பெயராதவை. அதனால் ராவணன் மீசையில் (ஆண், பெண் தனித்தனிச் செடி) பெண் செடி தன் விதைகளை முள்பந்தாக்கிக் காற்றில் உருட்டிவிடுகிறது. ஹைட்ராய்டுகளில் சில இனங்கள் கடுகளவுச் சொறிகளை அரும்பவிட்டு நீரோட்டத்தில் அனுப்பிவிடுகின்றன.

அடுத்த முறை கிடைத்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். கடல்நீரோடு ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, அசைக்காமல் நிழலில் வைத்து, கைலென்ஸால் பாருங்கள். உயிர் இருந்தால் பாலிப்புகள் மெல்ல விரியும். நோட்டில் இருப்பதை எடுத்துவிடாதீர்கள். கிடைத்த நாளையும் இடத்தையும் அதன் கீழே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.