அவர் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை

கேள்வி: எனக்கு 64 வயது. கணவருக்கு 71, ராணிப்பேட்டையில் டேனரியில் வேலை பார்த்தவர், அல்சைமர் என்ற மறதி நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று தாழ்ப்பாளைத் திறக்கிறார். இப்போது அவர் அசந்து தூங்கும் நாளிலும் எனக்குத் தூக்கமில்லை. அவருடைய தூக்க மாத்திரையில் பாதி நான் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம் அம்மா, பாதிகூட வேண்டாம். அவருக்கே அது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த நோயில் தூக்க மாத்திரை குழப்பத்தைக் கூட்டும், இருட்டில் எழுந்தால் தடுமாறி விழ வைக்கும். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

பகல் எது, இரவு எது என்று உடம்புக்குச் சொல்லும் சிறு பகுதி ஒன்று மூளையில் இருக்கிறது, அல்சைமர் அதையும் பாதிக்கிறது. அதனால் காலையில், நம்ம ஊர் வெயில் ஏறுவதற்குள், அரை மணி நேரம் அவரை வெளிச்சத்தில் நடக்க விடுங்கள். மதியம் அரை மணிக்கு மேல் படுக்க வேண்டாம், சாயங்காலக் காபியும் வேண்டாம். அல்சைமருக்கான டோனெபெசில் மாத்திரையை ராத்திரி கொடுக்கிறீர்களா? சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், காலைக்கு மாற்றலாமா என்று கேட்டுவிடுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் அவில் மாதிரி மாத்திரைகளையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். திடீரென்று ரொம்ப மோசமானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்காவது வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஷிஃப்ட் என்று கிளம்பினால், ரிட்டையர் ஆகிவிட்டதை எடுத்துச் சொல்லி வாதாட வேண்டாம். "இன்னைக்கு லீவுங்க, தண்ணி குடிச்சிட்டுப் படுங்க" என்றால் போதும்.

இனி உங்கள் விஷயம், எனக்கு அதுதான் அதிகக் கவலை. மாதக்கணக்கில் ராத்திரி முழுக்கத் தாழ்ப்பாள் சத்தத்துக்கே காத்திருந்த காது, அவர் தூங்கினாலும் காவலை விடாது. கதவில் ஒரு மணி கட்டுங்கள், அவர் தொட்டால் சத்தம் வரும் என்ற தைரியத்தில் நீங்கள் கண்ணை மூடலாம். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது மகனோ மகளோ அவர் பக்கத்தில் படுக்கட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறையில் படுங்கள். முதல் சில ராத்திரி அப்போதும் தூக்கம் வராது, அதற்காக இந்த ஏற்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

இதற்கு நடுவில் அழுகை வருகிறது, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் அது வெறும் தூக்கக் குறைவு இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியம் இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசலாம். அடுத்த முறை அவரை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது உங்கள் பெயருக்கும் ஒரு ஓபி சீட்டு போட்டு, பிபி, சுகர் பார்த்துக்கொண்டு வாருங்கள்.