மோட்டார் லைனில் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

பேட்டரி வண்டி பற்றிக் கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டோம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து மட்டுமே கட்டுக் கட்டாக வந்துவிட்டது. எந்தக் கம்பெனி வண்டி வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு நான் ஆள் இல்லை. கரண்ட் சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் ஊருக்குள் இல்லை, நிலத்திலேயே கொட்டாயில் இருக்கிறோம். பையன் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறான். அதில் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு வரை போய், அங்கிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறான். வீட்டு லைனில் சாயங்காலமானால் ஃபேன் கூட சரியாகச் சுற்றுவதில்லை. கிணற்று மோட்டார் லைன் பக்கத்திலேயே இருக்கிறது, கரண்டும் இலவசம். அதில் சார்ஜ் போட்டால் என்ன?
– விவசாயி, பாப்பாரப்பட்டி

போடாதீர்கள் ஐயா. இலவச விவசாய இணைப்பு விவசாயத்துக்கு மட்டும்தான். வேறு எதற்கு எடுத்தாலும் 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் அது முறைகேடான உபயோகம். அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள், எப்போதிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாவிட்டால் அதற்கு முந்தைய ஒரு வருஷத்துக்குக் கணக்குப் பார்ப்பார்கள். உங்கள் பையன் ஓட்டுகிற ஓட்டத்துக்கு மாதம் முப்பது யூனிட் ஆனால் பெரிது. அதை மிச்சம் பிடிக்கப் போய் மோட்டார் லைனுக்கே சிக்கல் வரவைத்துக்கொள்ள வேண்டுமா?

சட்டத்தை விடுங்கள், எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. மோட்டார் கொட்டகையில் பெரும்பாலும் மூன்று பேஸ்தான் ஒழுங்காக இருக்கும், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயர் என்பது பேருக்கு இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. ஒரு பேஸை எடுத்து, மறுமுனையைப் பூமியில் அடித்த கம்பியில் கட்டி பல்பு எரிய வைப்பது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. பல்பு எரியும், ஆனால் அந்தக் கம்பியை ஈரக்காலோடு மிதிப்பவர் கதி என்ன? நியூட்ரல் விட்டுப் போனால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400-ஐ ஒட்டி வந்து நிற்கும், சார்ஜர் ஒரு நொடியில் காலி. வாரண்டிக்கும் வரமாட்டார்கள்.

செய்யவேண்டியது வீட்டு லைனைச் சரிசெய்வது. உங்கள் பிரிவு ஈபி ஆபீஸில் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். 'வோல்டேஜ் இல்லை' என்று மொட்டையாக எழுதாமல், சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் டிரான்ஸ்ஃபார்மரில் லோடு பார்க்கும்படி எழுதுங்கள், கொட்டாய்க்காரர்கள் நாலு வீட்டுக் கையெழுத்தும் சேர்த்து. மின்னகம் 94987 94987-ல் புகார் பதிந்து அந்த எண்ணையும் மனுவில் குறிப்பிடுங்கள். அதுவரை இரவு பத்துக்கு மேல் சார்ஜ் போடச் சொல்லுங்கள், ஊர் அடங்கினால் வோல்டேஜ் தானாக ஏறும். ஆனால் வண்டி வாசல் திண்ணைக்கு வெளியே நிற்கட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் ஓடினால் ஈபி பில் எவ்வளவு ஏறும்?
– காவேரிப்பட்டணம்

சாதாரண ஸ்கூட்டர் என்றால் தினம் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மாத பில்லில் அறுபது, எழுபது யூனிட் கூடும். இப்போது உங்கள் வீட்டில் எத்தனை ஓடுகிறது என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். 200, 300-க்குள் என்றால் கவலையே இல்லை. 450 என்றால்தான் யோசிக்கவேண்டும், ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் 100-க்கு மேல் 200 வரை கிடைக்கிற மலிவு விலை போய்விடும், மேலே ஏறுகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை கூடிக்கொண்டே போகும். அப்படியே தாண்டினாலும் பெட்ரோலைவிடக் குறைவுதான், அது வேறு விஷயம்.

கரண்ட் எல்லாம் மேட்டூரில் நிலக்கரி எரித்துத்தானே வருகிறது? புகையை இங்கே விடாமல் அங்கே விடுகிறோம், இதில் என்ன சுத்தம்? டீக்கடையில் கேட்டார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

டீக்கடையில் கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், முழுக்கச் சுத்தம் என்று சொல்பவர்களை நானும் நம்புவதில்லை. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 1,440 மெகாவாட் இருக்கிறது, எல்லாம் கரிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிற ஸ்கூட்டர் முப்பது கிலோமீட்டர் போனால் ஒன்றரைக் கிலோ ஆகிறது. நம் நாட்டு மின்சாரத்துக்கு, கரி, காற்று, தண்ணீர், வெயில் எல்லாம் கலந்து சராசரி பார்த்தால், யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதே முப்பது கிலோமீட்டருக்கு முக்கால், ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. ஆக, ஏறக்குறைய பாதி. இது இன்றைய நிலவரம். தமிழ்நாட்டில் காற்றாலை மட்டுமே பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது, பகலில் சோலார் வேறு வருகிறது. வாங்கிய பெட்ரோல் வண்டி நாள் போகப் போகப் புகையைக் கூட்டுமே தவிர குறைக்காது, பேட்டரி வண்டிக்கு லைனில் வருகிற கரண்ட் மாறினால் அதுவும் சேர்ந்து மாறும். டீக்கடையில் இதைச் சொல்லுங்கள், அதோடு பேட்டரி செய்யவும் கனிமம் தோண்டவேண்டும் என்பதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதை அவர் கேட்பார்.

லைன் வீட்டில் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே சார்ஜ் போட ஓனர் விடமாட்டேன் என்கிறார். மாடியிலிருந்து ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இறக்கிப் போடுகிறேன். ஆபத்தா?
– ஓசூர், சிப்காட் தொழிலாளி

ஆபத்துதான். உங்கள் பாக்ஸில் பிளக் போடுகிற ஓட்டையை வெளிச்சத்தில் பாருங்கள், ஓரம் பழுப்பேறி, பிளாஸ்டிக் லேசாக இளகின மாதிரி இருந்தால் அந்த இடத்தில் பிடிப்பு விட்டு சூடாகிறது என்று அர்த்தம். செல்போன் சார்ஜர் போல இல்லை இது, மூன்று நாலு மணி நேரம் நிறுத்தாமல் கரண்ட் இழுக்கும். கடையில் விற்கிற பாக்ஸ் ஒயரின் கனமும் அதற்குப் போதாது, அதிலும் சுருட்டி வைத்தபடியே போடுகிறார்கள் பாருங்கள், சுருளுக்குள் சூடு வெளியேற வழியே இல்லை. மழைத்தண்ணீர் வேறு. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் ராத்திரி சார்ஜில் நின்ற ஸ்கூட்டர் தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்துபோனது நினைவிருக்கும். அந்த வருஷம் நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு இறுக்கியது, இப்போது வருகிற வண்டிகள் எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் விதி பேட்டரிக்குத்தான், நம் வீட்டுப் பிளக்குக்கு இல்லை.

ஓனர் ஏன் மறுக்கிறார் என்று கேட்டீர்களா? ஒன்று பில் பயம், இல்லை தீ பயம். இருக்கிற வீட்டு இணைப்பிலேயே சொந்த வண்டிக்குச் சார்ஜ் போடலாம் என்று மத்திய மின் அமைச்சக வழிகாட்டுதலில் இருக்கிறது, ஈபிக்காரன் வந்து பிடிப்பான் என்று அவர் நினைத்தால் அது தேவையில்லாத பயம். உங்கள் மீட்டரிலிருந்தே கீழே தனியாக ஒரு ஒயர் இறக்கி, 15 ஆம்பியர் பிளக், அதற்கென்று லோடு மீறினால் தட்டிவிடுகிற ஒரு எம்.சி.பி., கசிவு வந்தால் தட்டிவிடுகிற ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் என்று உங்கள் செலவிலேயே போட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். காலி பண்ணும்போது பிளக் அவருக்கே. இதற்குப் பெரும்பாலான ஓனர்கள் இறங்கிவருவார்கள். மீட்டர் பொதுவாக இருந்தால் சின்ன சப் மீட்டர் ஒன்று வையுங்கள், யூனிட் சண்டை வராது.

தினமும் வத்தல்மலைக்கு ஏறி இறங்கவேண்டிய வேலை. பேட்டரி வண்டி தாங்குமா?
– ஆசிரியை, தருமபுரி

தாங்கும் டீச்சர், ஆனால் விளம்பரத்தில் போட்ட கிலோமீட்டரை நம்பிக் கிளம்பாதீர்கள். ஒரு ஆளோடு நூறு மீட்டர் உயரம் ஏறினால், சமதளத்தில் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் ஓடுவதற்கான சார்ஜ் கூடுதலாகக் குறையும். ஐந்நூறு மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி வேலை செய்து கொஞ்சம் திருப்பித் தரும், வண்டியையும் இழுத்துப் பிடிக்கும். இதில் ஒரு விஷயம்: மேலே பள்ளிக்கூடத்தில் சார்ஜ் போட்டால் நூறு சதவீதம் நிரப்பாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வருகிற கரண்டுக்கு உள்ளே இடமில்லை, அந்தப் பிடிப்பு கிடைக்காது, வளைவு முழுக்க பிரேக் கட்டையை நம்பித்தான் இறங்கவேண்டும். தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் பக்கம் இறங்குகிற கார்க்காரர்களுக்கும் இதேதான்.

ஸ்கூட்டர் செய்கிற பெரிய பெரிய ஃபேக்டரி எல்லாம் எங்கள் மாவட்டத்தில். எங்கள் ஊரில் சார்ஜ் போட ஒரு பாயிண்ட் இல்லை. கிராம சபையில் கேட்டால் கிடைக்குமா?
– போச்சம்பள்ளி

ஓலா போச்சம்பள்ளியில், ஏத்தர் ஓசூரில், டி.வி.எஸ்.ஸும் ஓசூரில். நாட்டுக்கே நாம் செய்து அனுப்புகிறோம், உங்கள் கோபம் நியாயம். ஆனால் என்ன கேட்பது என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. சார்ஜிங் ஸ்டேஷன் என்றதும் எல்லோரும் பெட்ரோல் பங்கை மனதில் வைத்து, ரோட்டோரம் பெரிய மெஷின் வேண்டும் என்று கேட்கிறார்கள். அது பெங்களூருவிலிருந்து சேலம் போகிற கார்களுக்கு வேண்டும், நாற்பத்து நாலாம் நெடுஞ்சாலையில் வந்துகொண்டும் இருக்கிறது. ஊர்க்காரருக்கு வண்டி ஓடுகிற இடத்தில் கரண்ட் தேவையில்லை, வண்டி நிற்கிற இடத்தில்தான் தேவை.

நம் பக்கத்து வண்டி எங்கே நிற்கிறது? விடியற்காலை கொட்டாயிலிருந்து கிளம்பி, பாலக்கோடு, காரிமங்கலம், பர்கூர், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் டூ வீலர் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறுகிறார்கள். ராத்திரிதான் எடுக்கிறார்கள். பகல் முழுக்க சும்மா நிற்கிற வண்டி, அதுவும் சோலார் கரண்ட் நிறைய வருகிற நேரத்தில். அங்கே பெரிய மெஷினே வேண்டாம், சுவரோரம் பத்து 15 ஆம்பியர் பிளக்கும் மேலே ஒரு தகரமும் போதும். அந்த ஸ்டாண்டை நகராட்சியோ பேரூராட்சியோ ஏலம் விடுகிறது. அடுத்த ஏல நிபந்தனையில் 'இத்தனை சார்ஜிங் பிளக், இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் மனுக் கொடுங்கள். அரசாங்கத்துக்குச் செலவே இல்லாத கோரிக்கை, மறுக்கக் காரணம் தேடவேண்டியிருக்கும்.

கிராம சபையிலும் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, ஊராட்சி அலுவலகம் என்று இடத்தின் பேரைச் சொல்லி, கரண்ட் காசு யார் கட்டுவது என்பதையும் சேர்த்துத் தீர்மானமாக எழுதவையுங்கள். வெறுமனே 'வசதி செய்து தரவேண்டும்' என்று எழுதினால் அது நோட்டிலேயே தூங்கும். ஊராட்சி நினைத்தால் முடியுமா என்று யாராவது இழுத்தால் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைச் சொல்லுங்கள், வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையே 2006-ல் போட்ட ஊராட்சி அது.

மாடியில் சோலார் போட்டால் வண்டிக்குக் கரண்ட் இலவசம்தானே? மானியம் எவ்வளவு?
– ஊத்தங்கரை

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய் வரை. ஒரு கிலோவாட் நம் வெயிலுக்கு தினம் நாலு யூனிட் தரும், நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். வண்டிக்கு மட்டும் என்றால் அது ரொம்ப அதிகம், வீட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் ஓடுகிற வீட்டில் முதல் நூறு யூனிட் எப்படியும் இலவசம், அங்கே போட்ட காசு திரும்பிவர பல வருஷம் ஆகும். 500-ஐத் தாண்டுகிற வீடு என்றால் யோசிக்காமல் போடலாம். இன்னொன்று, விற்பவர்கள் பல பேர் இதைச் சொல்வதில்லை: பேட்டரி இல்லாத சோலார், ஈபி கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் லைன்மேன் வேலை பார்க்கும்போது உங்கள் வீட்டிலிருந்து கரண்ட் ஏறிவிடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். சார்ஜ் போட பாயிண்ட் வைக்க லைசென்ஸ் வேண்டுமா?
– குருபரப்பள்ளி

மின்சாரம் விற்பதற்கான லைசென்ஸ் வேண்டாம், 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். ஆனால் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட விடுவதென்றால் ஈபியில் அதற்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, அதில் தனி இணைப்பு வாங்குங்கள். முதலில் ஸ்கூட்டருக்கு இரண்டு பாயிண்ட் போடுங்கள். கார் சார்ஜர் விற்க வருகிறவர் என்ன சொன்னாலும் ஆறு மாதம் கழித்து வரச்சொல்லுங்கள்.

லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம் என்று ஒரு பேட்டரி வண்டி விற்கிறார்கள். உண்மையா?
– அரூர்

250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடுகிற வண்டி என்றால் உண்மை. கடைக்காரர் 'ஒரு ஒயரைக் கழற்றினால் 45 போகும்' என்று கண்ணடித்தால் அதன் பிறகு அது அந்த வண்டி இல்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸும் இல்லாமல் நிற்பது நீங்கள்தான், கடைக்காரர் இல்லை.