நைட் ஷிஃப்டும் ராயல் பைத்தானும்: தேவகோட்டைத் தம்பிக்கு

தம்பி, தேவகோட்டையிலிருந்து வந்து கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஈஸ்ட் ஹாமில் ஐந்தாறு பேரோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். வாரத்துக்கு வாரம் மாறும் ரோட்டாவை, அதாவது ஷிஃப்ட் பட்டியலை வைத்துக்கொண்டு ராயல் பைத்தான் என்கிற விஷமில்லாத மலைப்பாம்பை வளர்க்க முடியுமா, எப்போது கையில் எடுத்துப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஜாக்கெட், பேங்க், ஊருக்குப் பணம் அனுப்புவது எல்லாம். அவற்றை உங்கள் வார்டில் இருக்கும் மலையாளிகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பாம்பைப் பற்றி நம் ஆட்களிடம் கேட்டால்தான் "எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்று முடித்துவிடுவார்கள். நான் பஸ் ஓட்டுகிறவன். ஒரு வாரம் விடியற்காலை, மறு வாரம் நடுராத்திரி. இந்த வேலையில் இருந்துகொண்டுதான் பல வருடமாகப் பாம்பு வளர்க்கிறேன்.

முடியும். ஷிஃப்ட்காரனுக்கு நாயைவிட இது நன்றாகவே ஒத்துவரும். ராயல் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. பகலெல்லாம் பொந்துக்குள் சுருண்டு கிடந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் தலை நீட்டும். நாலு நாள் நீங்கள் முகம் காட்டாவிட்டாலும் ஏங்காது. வளர்ந்த பாம்புக்குப் பத்துப் பதினாலு நாளைக்கு ஒரு இரை போதும். இரை எடுத்தபின் குறைந்தது 48 மணி நேரம் தொடக்கூடாது. தொட்டால் கக்கிவிடக்கூடும், கக்கினால் தேற நாளாகும். இதை உங்கள் ரோட்டாவோடு பொருத்திப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாலு நைட் வருகிறதா? முதல் நைட்டுக்கு முந்தைய சாயங்காலம் இரை கொடுத்துவிடுங்கள். நீங்கள் ஓடும் நாளெல்லாம் அது செரித்துக்கொண்டு கிடக்கும். நைட் முடிந்து, நன்றாகத் தூங்கி எழுந்து, லீவு நாள் சாயங்காலம் பத்துப் பதினைந்து நிமிடம் எடுங்கள். வாரம் இரண்டு தடவை தாராளம். கண் நீலம் பாய்ந்து மங்கலாக இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அப்போது விட்டுவிடுங்கள்.

எடுக்கும்போது முதலில் ஒரு கொக்கியாலோ அட்டைச் சுருளாலோ உடம்பை லேசாகத் தொடுங்கள். இது இரை நேரம் இல்லை என்று அதற்குப் புரியும். தலைக்கு மேலிருந்து கை போகக்கூடாது. பக்கவாட்டில் போய், ஒரு கையால் நடு உடம்பையும் மறு கையால் வால் பக்கத்தையும் தாங்குங்கள். பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொண்டால் பயந்திருக்கிறது. கையை ஆட்டாமல் இருங்கள், நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு தானாக அவிழும். முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாம்பு சால்மனெல்லா கிருமியைச் சுமக்கும், நீங்களோ நோயாளியைத் தொடுகிறவர்.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. நைட் முடித்து வந்த காலையில் பாம்புப் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கைக்கு நிதானம் இருக்காது, பாம்பும் அப்போது தூங்கும். என்னோடு தங்கியிருந்த ஒரு பையன் கார்ன் ஸ்னேக் என்கிற வேறு வகைப் பாம்பு வைத்திருந்தான். அப்படி ஒரு காலையில் எடுத்து விளையாடிவிட்டு, மூடியின் கிளிப்பைப் போடாமல் தூங்கிவிட்டான். பாம்பு பலகைத் தரைக்கு அடியில் போய்விட்டது. வீட்டுக்காரருக்கு விஷயம் போய், அந்த மாதமே அவன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ராயல் பைத்தானுக்கு இங்கே லைசென்ஸ் வேண்டாம், விஷப் பாம்புக்குத்தான் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலில் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் சம்மதம் வேறு விஷயம். அதை எழுத்தில் வாங்காமல் பாம்பை வாசல்படி ஏற்றாதீர்கள். "சும்மா வச்சுக்கோங்க" என்று வாயால் சொல்கிறவர்களை நம்பி நம் பிள்ளைகள் தெருவில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கரண்ட். உங்கள் வீட்டில் பணம் கட்டி ஏற்றும் மீட்டரா என்று முதலில் பாருங்கள். பெட்டியில் ஒரு பக்கம் 30 முதல் 32 டிகிரி, மறு பக்கம் 25 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். சூடு இல்லாவிட்டால் வயிற்றில் இருக்கும் இரை செரிக்காது. நான் வந்த புதிதில் இருந்த வீட்டில் எட்டுப் பேர், மீட்டரில் காசு ஏற்ற மட்டும் ஆள் கிடையாது. ஜனவரியில் கிடங்கு வேலை முடிந்து விடியற்காலை வந்தால் வீடு இருட்டாகக் கிடக்கும், குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கடை திறந்ததும் மீட்டருக்குக் காசு ஏற்றும் கார்டை எடுத்துக்கொண்டு நான்தான் போவேன். கடைக்கார யாழ்ப்பாணத்து அண்ணர் கையில் சுடச்சுடத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுத்தான் கார்டையே வாங்குவார். அவரை என்றைக்கும் மறக்க மாட்டேன். எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டு விற்கப் போய், அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போய், ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, எடுபிடியாக இருந்தவர். எல்லாரும் சேர்ந்து தங்கும் கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய்தான், ஆனாலும் பொதுச்செலவில் அவரவர் பங்கை ஒருத்தரும் தட்டிக்கழித்ததில்லை என்பார். படித்துவிட்டு விமானத்தில் வருகிற நமக்கு அந்த ஒழுங்கு இல்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அதனால்தான் தனி அறை, தனி மீட்டர் கிடைக்கும்வரை பாம்பு வாங்காமல் இருந்தேன். நீங்களும் பொறுங்கள். பாம்புக்கு இரையாக வாங்கும் உறைய வைத்த எலியைப் பொது ஃப்ரீசரில் வைக்காதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் இருக்கும் வீட்டில் அது நியாயமே இல்லை. சின்ன ஃப்ரீசர் ஒன்று தனியாக வாங்குங்கள்.

கழுத்தில் போட்டுப் போட்டோ எடுத்துவிட்டு ஆறு மாதத்தில் விற்கிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறாது. இது இருபது, முப்பது வருடம் இருக்கும் உயிர். ஊருக்குத் திரும்பும்போது தேவகோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, நாடு விட்டு நாடு கொண்டுபோக சைட்டீஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) அனுமதி வேண்டும். அப்போது யாரிடம் விடுவீர்கள் என்பதற்கு இப்போதே ஒரு ஆளைப் பாருங்கள். வாங்கும் இடத்தில், உறைய வைத்த எலியை அது தின்கிறதா, கடைசியாக எப்போது தின்றது என்று கேளுங்கள். கொண்டுவந்த பிறகு இரண்டு மூன்று இரை ஒழுங்காக எடுக்கும்வரை கையில் எடுக்காதீர்கள்.