நாலு பேர் முன்னால் பேச எழுந்தாலே நெஞ்சு படபடக்கிறது. இது இதயக் கோளாறா, சமூகப் பதற்றமா?

ஆட்கள் முன்னால் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் இதயம் நன்றாகத்தான் இருக்கும். எனக்கும் இது உண்டு, ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் ஏன் இப்படி அடிக்கிறது என்று தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசு. அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை போலத் துடிக்கும். சும்மா இருக்கும்போது 70 வாக்கில் நிற்பதற்குக் காரணம், மூளைத்தண்டிலிருந்து வரும் வேகஸ் நரம்பு போட்டு வைத்திருக்கும் பிரேக். “அடுத்து நீங்க பேசுங்க” என்றதும் அட்ரினலினுக்கு முன்பே இந்தப் பிரேக் தளர்ந்துவிடும். வேகஸ் ஓரிரு துடிப்புக்குள் வேலையைக் காட்டும். துடிப்பைக் கூட்டும் பரிவு நரம்புகளும் (sympathetic) அட்ரினலினும் வந்து சேரச் சில விநாடிகள் ஆகும், அடங்க இன்னும் நேரம் பிடிக்கும். பேசி உட்கார்ந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருப்பது அதனால்தான்.

மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாகும், விடும்போது குறையும். ஸ்மார்ட்வாட்ச் எச்ஆர்வி (துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) என்று காட்டும் எண்ணில் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு, சமூகப் பதற்றம் உட்பட, இது சராசரியாகக் குறைவு என்று 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. வித்தியாசம் பெரிதல்ல. வயது, தூக்கம், மாத்திரை எல்லாமே இந்த எண்ணை மாற்றும் என்பதால் வாட்ச்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் (பயந்தால் அதுவும் குறையும்!).

எனக்குப் பிடித்த ஆய்வு 2023இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்தது. சுண்டெலிகளின் இதயத்தை ஒளியால் தூண்டி வேகமாகத் துடிக்க வைத்தார்கள். ஆபத்து இருக்கக்கூடிய சூழலில்தான் அவற்றின் பதற்றம் கூடியது. மூளையில் இன்சுலா என்ற பகுதியை அடக்கியதும் அது தணிந்தது. ஆக, துடிப்பு மட்டும் பயத்தை உண்டாக்குவதில்லை. இடம் ஆபத்தானது என்று மூளை முன்பே கணித்திருக்க வேண்டும். நமக்கு அந்த ஆபத்து, எதிரே இருப்பவர்களின் பார்வை. துடிப்பைக் கவனிக்கிறோம், அது அவர்களுக்கும் தெரிகிறது என்று நினைக்கிறோம், இன்னும் வேகமாகிறது. உண்மையில் அது யாருக்கும் தெரிவதில்லை.

என் அனுபவத்தில் துடிப்போடு மல்லுக்கட்டுவது வீண். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, வெளிவிடுவது கொஞ்சம் நீளமாக; இது வேகஸுக்கு உதவும். அப்புறம் கவனத்தை எதிரில் இருப்பவர் சொல்வதில் வைப்பது. நிலையாகப் பலன் தந்தது சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சைதான். ப்ரோப்ரனலால் மாத்திரை துடிப்பைக் குறைக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சும்மா இருக்கும்போதே ஸ்விட்ச் போட்டதுபோல் படபடப்பு தொடங்கி நின்றாலோ, மயக்கம், நெஞ்சுவலி வந்தாலோ, உடல் உழைப்பின்போது வந்தாலோ பதற்றம் என்று ஒதுக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள். தைராய்டும் இரத்தசோகையும்கூடப் படபடப்பைத் தரும், அதற்கு இரத்தப் பரிசோதனை போதும்.