திருப்பினால் சதுரம் மாறிவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறான். சுவரில் ஒட்டிய சார்ட்டைப் பார்த்து வட்டம், சதுரம், முக்கோணம் என்று கடகடவென ஒப்பிக்கிறான். அதே சதுரத்தைச் சற்றுத் திருப்பிக் காட்டினால் 'டைமண்ட்' என்கிறான். ஒல்லியான முக்கோணத்தைக் காட்டினால் 'இது முக்கோணமே இல்லை' என்று அடம்பிடிக்கிறான். படிப்பில் ஏதும் குறை இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கடையில் ஒரு மர வடிவப் பெட்டி பார்த்தேன், விலை அதிகம். வாங்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மணி, முதலில் பயத்தை விடுங்கள். இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் சொல்வார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதி 1957-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் குழந்தை உருவத்தை மொத்தமாகப் பார்த்துத்தான் அடையாளம் காணும். பக்கம் எத்தனை, மூலை எத்தனை என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த படி. அந்தப் படி வயது ஏறுவதால் மட்டும் வந்துவிடாது, சொல்லித் தருகிற விதத்தால் வரும் என்பது அவர்கள் முடிவு. சார்ட்டில் முக்கோணம் எப்போதும் மூன்று பக்கமும் சமமாக, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் பையன் பார்த்ததெல்லாம் அது ஒன்றுதான். அவன் மேல் என்ன தப்பு?

ஒரு பிடி கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப்போடுங்கள். புது விளக்குமாற்றிலிருந்து நாலைந்து ஈர்க்கு உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்துக் கொடுங்கள். நீளமாகக் கொடுத்தால் கண்ணில் குத்திக்கொள்வான். கடலைதான் மூலை, ஈர்க்குதான் பக்கம். 1837-ல் ஜெர்மனியில் குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கிய பிரீட்ரிக் புரோபெலின் முறையிலும் ஊறிய பட்டாணியும் குச்சியும் உண்டு.

முதலில் நாலு குச்சியில் சதுரம் செய்யட்டும். "கண்ணு, ஒரு மூலையைத் தள்ளிப் பாரு" என்று சொல்லுங்கள். சதுரம் அப்படியே சாய்ந்து நசுங்கும். அடுத்து மூன்று குச்சியில் முக்கோணம். எவ்வளவு தள்ளினாலும் அது சாயாது. இந்த இடத்தில் அவசரப்பட்டு விளக்கம் சொல்லிவிடாதீர்கள், அவனே நாலு தடவை தள்ளிப் பார்க்கட்டும். அப்புறம் சாய்ந்த சதுரத்தை நிமிர்த்தி, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கொஞ்சம் நீளமான ஈர்க்கு ஒன்றைச் செருகச் சொல்லுங்கள். சதுரம் விறைத்து நிற்கும், உள்ளே இரண்டு முக்கோணம் தெரியும். பனியன் கம்பெனி ஷெட் பக்கம் போகும்போது தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தைக் காட்டுங்கள். அங்கேயும் முக்கோணம் முக்கோணமாகத்தான் இருக்கும். குச்சியின் நீளத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒல்லி முக்கோணம், குட்டை முக்கோணம் எல்லாம் அவன் கையாலேயே பிறக்கும். மறுநாள் கடலை காய்ந்து குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது சதுரத்தை அவன் கையிலேயே கொடுத்து, எப்படி வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்க விடுங்கள். டைமண்ட் என்றால் திருத்த வேண்டாம். "சுத்துறதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சு சாமி?" என்று மட்டும் கேளுங்கள்.

திருப்பூரில் காலி நூல் கோனுக்குப் பஞ்சமா என்ன? கோன், பந்து, பால்பவுடர் டின், தீப்பெட்டி நான்கையும் தரையில் உருட்ட விடுங்கள். டின் நேராக ஓடும், பந்து எந்தப் பக்கமும் போகும், தீப்பெட்டி சறுக்கும். கோன் மட்டும் குறுகிய முனையைச் சுற்றி வளைந்து திரும்பும். ஏன் என்று அவனே கேட்டால், இரண்டு முனையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய வாய் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், சின்ன வாய் குறைவாகப் போகும். அதனால்தான் திரும்புகிறது.

விளையாடும்போது 'இது என்ன ஷேப்?' என்று பரீட்சை வைக்காதீர்கள், கையில் இருக்கும் ஆர்வம் அங்கேயே செத்துவிடும். பெயரை நீங்களே பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள், போதும்.

மரப்பெட்டியை இப்போது வாங்க வேண்டாம். அதில் வடிவங்களை ஏற்கெனவே செய்து வைத்திருப்பார்கள், உங்கள் பையனுக்கு இப்போது தேவை செய்து பார்ப்பதும் பிரிப்பதும். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், விளையாடி முடிந்ததும் கடலையை எண்ணி எடுத்து வையுங்கள். தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.