ஒரு காபிக்கு எத்தனை மணி நேரம்?

போன தடவை இந்தப் பகுதியில், காபி ஷாப்பை ஆபீஸாக்கிக்கொண்டவர்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். உட்காருகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், கடை வைத்திருப்பவர் ஒருவரும் கேட்டிருக்கிறார்.

கேள்வி (குரோம்பேட்டை வாசகி): வீட்டில் ஒரே ஹால். அதில் மாமனார் டிவி பார்ப்பார், பையன் ஆன்லைன் டியூஷன் படிப்பான். நான் சப்டைட்டில் எழுதும் வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பக்கத்திலிருக்கும் கஃபேவுக்கு லேப்டாப்போடு போய்விடுவேன். 220 ரூபாய்க்கு ஒரு காபி, நாலு மணி நேர வேலை. போன சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் வந்து, "மேடம், ஆள் வெயிட் பண்றாங்க, டேபிள் வேணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பில் கட்டியவரை எழுப்ப அவருக்கு உரிமை உண்டா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் போய் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. நீங்கள் 220 ரூபாய்க்கு வாங்கியது காபி. நாற்காலி அதோடு வருகிற மரியாதை, அவ்வளவுதான். சாண்ட்விச் கெட்டுப்போயிருந்தாலோ, மெனுவில் ஒரு விலையும் பில்லில் ஒரு விலையும் இருந்தாலோ சட்டம் உங்கள் பக்கம். குடித்து முடித்து மூன்று மணி நேரம் ஆன பிறகு இடம் கேட்டால் அதைச் சேவைக் குறைபாடு என்று நிரூபிப்பது கஷ்டம். எல்லார் முன்னாலும் சொன்னது அநாகரிகம்தான், பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு இடத்தில் மட்டும் கதை மாறும். கடையே "இங்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், நாள் முழுக்க இவ்வளவு" என்று பாஸ் விற்றிருந்தால் நீங்கள் காசு கொடுத்தது இடத்துக்குத்தான், நேரம் முடியும் முன் எழுப்பினால் தாராளமாகப் புகார் செய்யலாம். இன்னொன்று, சாதி, மதம், பிறந்த ஊர் பார்த்து ஒருவரை மட்டும் எழுப்புவது. அது நுகர்வோர் விவகாரமே இல்லை. கடைகளிலும் உணவகங்களிலும் அப்படித் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15வது பிரிவே சொல்கிறது.

சரி, கடைக்காரருக்கு உங்களால் என்ன நஷ்டம் என்று நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் கரண்ட் என்றுதான் நினைத்தேன். சாதாரண லேப்டாப் சார்ஜர் 65 வாட், நாலு மணி நேரம் முழு வேகத்தில் இழுத்தாலும் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் மூன்று ரூபாயைத் தாண்டாது. பிளக்கைப் பார்த்து முறைக்கும் மேனேஜர்கள் தப்பான இடத்தில் முறைக்கிறார்கள். காசு போவது நாற்காலியில். உங்கள் 220 ரூபாயை நாலால் வகுத்தால் மணிக்கு 55. சனிக்கிழமை சாயங்காலம் அதே மேசையில் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் ஆயிரம் ரூபாய் பில் ஆகும். அதுவும் நீங்கள் போனது சனிக்கிழமை!

அதனால் வார நாளில், காலைக் கூட்டம் போன பிறகு பத்தரையிலிருந்து பன்னிரண்டரை, அல்லது மூன்றிலிருந்து ஐந்து, இந்த நேரத்தில் போங்கள். நாலு பேர் சோபாவைப் பிடிக்காமல் சுவரோரத்து இரண்டு பேர் மேசையில் உட்காருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது வாங்குங்கள், அவர்கள் வந்து "வேற ஏதாவது மேடம்?" என்று கேட்கும் முன்பே. ஃபோன் வந்தால் வெளியே போய்ப் பேசுங்கள். பர்கர், சிக்கன் விற்கும் பெரிய துரித உணவுக் கடைகளில் மேசைக்கு வந்து யாரும் கேட்பதில்லை, கவுண்டரிலேயே வாங்கிக்கொள்வதால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் பிளக் பாயிண்ட் கிடைப்பது அபூர்வம், பக்கத்தில் பிறந்தநாள் பார்ட்டி நடந்தால் சப்டைட்டில் எழுதின மாதிரிதான்.

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். தென்கொரியாவில் ஸ்டார்பக்ஸுக்குச் சிலர் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்து, 2025 ஆகஸ்ட்டில் கம்பெனி அதற்குத் தடை போட்டது. லேப்டாப்புக்கு மட்டும் அனுமதி. 1996இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கஃபே காபி டே முதல் கடையைத் திறந்தபோது அது இன்டர்நெட் கஃபே, கம்ப்யூட்டரும் கடையுடையது. கம்ப்யூட்டரை நாம் கையோடு எடுத்துப் போக ஆரம்பித்த பிறகுதான் நாற்காலிக்கு யார் காசு கொடுப்பது என்ற குழப்பமே வந்தது.

கஃபேதான் வேண்டும் என்றில்லையானால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது, பைசா செலவில்லை. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த, லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்க்க இடம் தரும் முதல்வர் படைப்பகத்தில், திறந்தபோது அறிவித்த கட்டணம் அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100. உங்கள் காபியில் பாதிகூட இல்லை. குரோம்பேட்டையிலிருந்து கொளத்தூர் தூரம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்காகச் சொன்னேன்.

கேள்வி (கோவை ஆர்.எஸ்.புரம் வாசகர்): மேசையிலேயே ஒரு அட்டை: "லேப்டாப் பயன்படுத்துவோர் குறைந்தபட்சம் ரூ.300க்கு ஆர்டர் செய்யவும்." சரி என்று 300க்கு வாங்கினேன். பில் 346.50 வந்தது. சர்வீஸ் சார்ஜ் 10%, அதற்கு மேல் ஜிஎஸ்டி. இது நியாயமா?

பதில்: அட்டையில் தப்பில்லை. உட்காரும் முன்பே கண்ணில் படுகிறது, பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். சாப்பிட்டு முடித்த பிறகு அந்த அட்டையை எடுத்துக் காட்டினால்தான் பிரச்சினை.

சர்வீஸ் சார்ஜ் வேறு கதை. அது வரி இல்லை, அரசாங்கத்துக்குப் போவதில்லை, கடைக்கே போகிறது. தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு விதி போட்டது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கின. 2025 மார்ச் 28ஆம் தேதி அதே நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்புச் சொல்லி, சங்கங்களுக்கு அபராதமும் போட்டது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன.

உங்கள் பில்லில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 300க்கு 5% ஜிஎஸ்டி என்றால் 315தான். அவர்கள் முதலில் 30 ரூபாய் சேர்த்து 330 ஆக்கி, அந்த 330க்கு 5% போட்டிருக்கிறார்கள். ஆக, சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து நீங்கள் வரி கட்டியிருக்கிறீர்கள், மொத்தத்தில் 31.50 கூடுதல். அடுத்த தடவை பில் வந்ததும் காசு கொடுக்கும் முன் "சர்வீஸ் சார்ஜ எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்று சொல்லுங்கள், முக்கால்வாசிப் பேர் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவார்கள். முடியாது என்றால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு 1915க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. ஏசி போட்டால் ஜிஎஸ்டி அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 2017 நவம்பரிலேயே அந்த வித்தியாசம் போய்விட்டது.

கேள்வி (திருச்சி வாசகர்): வைஃபைக்கு ஃபோன் நம்பர், பிறந்த தேதி, இமெயில் எல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? பேங்க் வேலை பார்க்கலாமா?

பதில்: நம்பரும் ஓடிபியும் கேட்பது அவர்கள் இஷ்டம் இல்லை. பொது வைஃபையில் யார் நுழைந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. பிறந்த தேதியும், "சலுகைகள் அனுப்பச் சம்மதம்" என்று ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் கட்டமும் அவர்கள் ஆசை. டிக்கை எடுத்துவிடுங்கள். பில் போடும் கவுண்டரில் நம்பர் சொன்னால்தான் பில் என்று அடம்பிடித்தால் கொடுக்க வேண்டியதில்லை, நுகர்வோர் துறையே 2023 மே மாதம் இதைக் கடைகளுக்குச் சொல்லியாயிற்று.

பேங்க் வேலைக்கு உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட் போதும். அதையே வீடியோ மீட்டிங்குக்கும் நம்பாதீர்கள், குழு மீட்டிங் என்றால் மணிக்கு ஒரு ஜிபி சாதாரணமாகப் போகும். தினம் 2 ஜிபி பிளான் மதியத்துக்குள் தீர்ந்து, அப்புறம் 64 கேபிபிஎஸ்ஸில் உங்கள் முகம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். உண்மையில் வைஃபையைவிட எனக்குப் பயம் பக்கத்து மேசை. போன மாதம் ஒருவர் ஹோட்டல் ரூம் புக் பண்ணுவதற்காகத் தன் கார்டு நம்பரை ஃபோனில் நாலு நாலாகப் பிரித்து நிதானமாகச் சொன்னார், கடைசியில் பின்னாலிருக்கும் மூன்று இலக்கத்தையும் சொன்னார், அதுவும் இரண்டு தடவை. நான் என் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): எம்.ஆர்.பி. 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 60 போட்டார்கள். புகார் செய்யலாமா?

பதில்: உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. "சாதா தண்ணி கொடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு நமக்குத்தான் கூச்சம்.

கேள்வி (மறைமலை நகர் வாசகி): ரெஸ்ட் ரூம் போய் வருவதற்குள் லேப்டாப் காணோம். கடைக்காரர் "எங்கள் பொறுப்பு இல்லை" என்கிறார்.

பதில்: மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் செல்லும். பொருளை நீங்கள் அவர் கையில் ஒப்படைக்கவில்லை. ஒப்படைத்திருந்தால் கதை வேறு. டெல்லியில் பெரிய ஹோட்டல் ஒன்றில் ஆளிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் 1998இல் திருடுபோனது. பார்க்கிங் சீட்டின் பின்னால் "உரிமையாளர் பொறுப்பில்" என்று அச்சடித்திருந்தும் ஹோட்டல்தான் பொறுப்பு என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு இப்போது முக்கியம் சிசிடிவி. பழைய பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் இன்றைக்கே போலீசில் புகார் கொடுத்து, பதிவை அழிக்க வேண்டாம் என்று கடைக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். (இதே கேள்வியை, சர்வர் காபியைக் கீபோர்டில் கொட்டிவிட்டார் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது அவர்கள் கவனக்குறைவு, ரிப்பேர் செலவைக் கேட்கலாம். லேப்டாப் வாரண்டியில் திரவம் கொட்டினது பொதுவாக வராது, விபத்துப் பாதுகாப்பு என்று தனியாகக் காசு கட்டியிருந்தால்தான்.)

கேள்வி (மதுரையில் சிறிய கஃபே நடத்துபவர்): என் கடையில் ஆறு மேசை. காலையில் வந்து ஒரு டீயோடு மதியச் சாப்பாட்டு நேரம் வரை உட்காருகிறார்கள். எல்லாம் படித்த பிள்ளைகள், முகத்தில் அடித்தமாதிரி சொல்ல மனம் வரவில்லை. என்ன செய்ய?

பதில்: நீங்கள் சொல்லாதீர்கள், பில் சொல்லட்டும். ஒரு பில்லுக்கு 60 நிமிடம் வைஃபை என்று கூப்பன் வையுங்கள், தீர்ந்ததும் தானாக எழுந்து கவுண்டருக்கு வருவார்கள். ஆறில் இரண்டு மேசையை வேலை பார்ப்பவர்களுக்கு என்று ஒதுக்கி, நல்ல நாற்காலியும் பிளக்கும் அங்கே மட்டும் வைத்து, பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை அந்த மேசையும் சாப்பாட்டுக்கு என்று எழுதிவிடுங்கள். அந்தப் பிள்ளைகளை ஒரேயடியாக விரட்டிவிடவும் வேண்டாம், பதினோரு மணிக்கு உள்ளே நாலு தலை தெரிந்தால்தான் ரோட்டில் போகிறவன் நுழைவான்.

அப்புறம் அந்த போர்டு. நம் ஊர் டீக்கடைகளில் "இங்கு அரசியல் பேசக்கூடாது" என்று எழுதியிருக்கும், அதற்குக் கீழேயே உட்கார்ந்துதான் பேசுவார்கள். அந்த மாதிரி எழுதாதீர்கள், "கண்டிப்பாக" என்ற சொல்லே வேண்டாம். நேரத்தை மட்டும் பெரிதாகப் போட்டு, உட்காருகிறவர் கண்ணுக்கு நேராக, பிளக்குக்கு மேலே மாட்டுங்கள்.