எப்போது ‘ஹாதா’, எப்போது ‘ஹாதிஹி’?
கதிரைக்கு ‘ஹாதா’, சைக்கிளுக்கு ‘ஹாதிஹி’ ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் இரண்டும் ‘இது’தான், அரபியில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ஆண்பாலுக்கு ‘ஹாதா’, பெண்பாலுக்கு ‘ஹாதிஹி’.

சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கோ. மேலே இரண்டு புள்ளியோடு வட்டமாக முடிந்தால் அது தா மர்பூதா, பெரும்பாலும் பெண்பால். ஹாதிஹி தர்ராஜா: இது சைக்கிள். குர்ஸீயில் (கதிரை) அந்த எழுத்தில்லை, ஆகவே ஹாதா குர்ஸீ. தூரத்திலுள்ள பொருளுக்கு (‘அது’) ஆண்பாலில் தாலிக்க, பெண்பாலில் தில்க்க.

விலக்குகளைப் பாடமாக்கத்தான் வேணும். ஷம்ஸ் (சூரியன்), யத் (கை) அந்த எழுத்தில்லாமலே பெண்பால். கலீஃபா (இஸ்லாமிய ஆட்சித் தலைவர்) அந்த எழுத்து இருந்தும் ஆண்பால்.

உண்மையில் பிழை விடுகிற இடம் பன்மை. கிதாப் (புத்தகம்) ஆண்பால், ஆனால் புத்தகங்கள் ‘ஹாதிஹி குதுப்’. மனிதரல்லாத பன்மைக்குப் பெண்பால் ஒருமைச் சுட்டே வரும். குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டச் சொல்லுக்கு முன் வரும் ‘அல்’லையும் கவனியுங்கோ: ‘ஹாதா பைத்’ இது வீடு, ‘ஹாதல் பைத்’ இந்த வீடு.